கழலுக்கு அளவெடுக்குற நாள்

"வாய அசைச்சீருன்னா கழுத்துக்கு நான் பொறுப்பில்ல வேய்"னு சொல்லிட்டு ஐயம்பெருமாள் கத்திய தோல்வாருல ரெண்டு இழுப்பு இழுத்தாரு. தங்கப்பழம் கண்ண மூடிக்கிட்டான். மொகம் பூரா சோப்பு நொரை குளுகுளுன்னு இருந்துச்சு, மேகத்துக்குள்ள மண்டைய விட்டாப்புல. நல்லாத்தான் இருக்கு. காலையில பொண்டாட்டி பூரணம் வச்ச ஆறு இட்லியும் வயித்துக்குள்ள சமத்தா உக்காந்திருக்கு, மேல ஃபேன் கடக்குகடக்குன்னு சுத்துது, கோயில் பக்கம் இவனோட மைக் செட்டுல இருந்து சாமி பாட்டு வருது, எடது பக்கத்து கொழாய் மட்டும் லேசா கரகரங்குது, போயித் திருப்பி வைக்கணும். ஒரே ஒரு கொறைதான், பேச முடியாது. பேச முடியாத தங்கப்பழம்னா கரண்டு போன மைக்கு மாதிரி. நாக்கு உள்ள கெடந்து கெண்ட மீனாட்டம் துள்ளுது. கழுத்துக்கு நான் பொறுப்பில்ல வேய். மனசுக்குள்ளயே ஐயம்பெருமாள் கொரல்ல ஒருக்கா சொல்லிப் பாத்தான், முன்னால ஒரு க்ஹும் போட்டு, 'வேய்'ய மூக்கால இழுத்து. அச்சு அசலா வந்துச்சு. ஊருல யாரு கொரல்தான் வராது அவனுக்கு. பூசாரி, தலைவரு, பால்கார அம்மா, ஆடு ஏவாரி, பிரேக்கு புடிக்காத டவுன் பஸ்சு, எல்லாம் வரும். பூரணமே சொல்லுவா, "எனக்கு நாப்பது புருசன், ஒருத்தனும் உருப்படியில்ல"ன்னு. வராதது ஒண்ணே ஒண்ணு, காத்தான் சாமி கோயில் கழல் சத்தம். வெள்ளிக் கழல், தேங்கா கனம், உள்ள என்ன பரல் போட்டிருக்கானோ தெரியல, ஆட்டினா கலீர்னும் இல்லாம கிலீர்னும் இல்லாம மழைக்கு முன்ன ஓட்டு மேல நாலு துளி விழுமே, அதுமாதிரி. எத்தன வருசமா நாக்க மடிச்சு, பல்ல இடுக்கி, கன்னத்த உப்பிப் பாத்தாச்சு. வரல. போகட்டும், இன்னைக்கு சாயந்தரம் அஞ்சு மணிக்கு அந்தச் சத்தம் அவன் சொந்தக் கால்ல இருந்தே வரப் போகுது, அப்பம் எதுக்கு நாக்கு.

கத்தி எடது காதோரம் ஏறுச்சு. சர்ர்னு. சர்ர்ங்குறது ஈசி, அதச் சின்னப்புள்ளயே செய்யும். காத்தான் சாமிக்கு இப்பிடி யாராச்சும் செரைச்சு விட்டிருப்பாவளா. சிலையில மீசை இருக்கு, தாடி இல்ல, அப்பம் செரைச்சிருக்கணும். அவரு சாமியாகுறதுக்கு முந்தி ராசா படையில ஒரு சாதா ஆளுதான. எந்த ராசான்னு கேட்டா பூசாரி பாண்டிய ராசாம்பாரு, ரிட்டேடு கண்டக்டர் தானியேல் அண்ணாச்சி நாயக்கர் காலம்பாரு, இந்தா பின்னால பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிக்காரே, அவருதான். எவனோ ஒரு ராசா. ஆத்துக்கு இந்தக் கரையில இவன் படை, அந்தக் கரையில அவன் படை, நடுவுல வெள்ளம். வெள்ளத்து நடுவுல ஒரு பாறை, பாறைல எதிரிப் பக்கத்துப் பொம்பள ஒருத்தி, வயித்துல புள்ளையோட. ரெண்டு பக்கமும் ஆயிரம் ஆம்பளைங்க நின்னு வேடிக்க பாக்கானுவ. காத்தான் மட்டும் ஈட்டிய எறிஞ்சான், கேடயத்த எறிஞ்சான், எல்லாம் வெள்ளத்தோட போச்சு, குதிச்சு அவள இந்தக் கரைக்கிக் கொண்டாந்துட்டான். ராசா பல்லக் கடிக்காரு. கத சொல்லுறப்ப இங்கனதான் தங்கப்பழம் தலைவரு கொரலப் போடுவான், வெத்தலைய ஒதுக்கிக்கிட்டு, "ஏலே, எதிரிப் பொம்பளைக்காவ என் ஈட்டிய எறிஞ்சியால?" காத்தானுக்கு ஆடு ஏவாரி கொரல், மெதுவா, வெல பேசுற மாதிரி, "ரெண்டு கைதான மகராசா இருக்கு. ஈட்டியப் புடிக்கவா, அவளப் புடிக்கவா?" ராசா ஈரம் சொட்டுற அவன் ரெண்டு கையையும் பாத்தாரு. பெறவு குனிஞ்சு தன் கால்ல கெடந்த கழலக் கழட்டிக் குடுத்துட்டாரு. ஆனா ராசா காலு ஆனக்காலு, காத்தான் காலு கொக்குக் காலு, மாட்டினா அவுந்து விழுது. அப்பந்தான் அந்தப் பொம்பள முந்தானையில ஒரு நூல உருவி அவன் கணுக்காலுக்கு அளவெடுத்து, அந்த அளவுக்குத் துணி கிழிச்சு உள்ள சுத்தி, பொருத்தி விட்டா. அதுல இருந்துதான் இந்த ஊரு வழக்கம். அந்த வருசத்துல எவன் ஒரு பொம்பளைய ஆபத்துல இருந்து காப்பாத்துதானோ அவன் காலுக்கு கோயில் கொடைத் திருவிழா அன்னைக்கு சாயந்தரம் கழலு. காலையில காப்பாத்தப்பட்டவளே மஞ்ச நூலக் கொண்டாந்து அளவெடுக்கணும், ரெண்டு பேரு பாக்க நூல அறுக்கணும், அறுத்தா அறுத்ததுதான், பூசாரி அந்த அளவுக்குத்தான் துணி சுத்துவாரு. நூலு யாரு காலுக்கோ கழலு அவியளுக்கு. தீப்புடிச்ச வீட்டுக்குள்ள இருந்து மாமியாளத் தூக்கியாந்த சுப்புக்குட்டிக்கு அந்த அம்மா அளவெடுத்தா பாரு, ரத்த ஓட்டம் நிக்க மாதிரி எடுத்தா. "ஏம்ல தூக்குன?"ன்னு ஊரே அவன் கிட்டதான் கேட்டுச்சு. போன வருசம் ஒருத்தனும் இல்ல, சாமி கல்லுக்குத்தான் கட்டுனோம். இந்த வருசம் தங்கப்பழம். மைக்குல இருபது வருசமா அடுத்தவன் பேரையே சொல்லிக்கிட்டிருந்தவன் இன்னைக்கு சொந்தப் பேரச் சொல்லணும். எந்தக் கொரல்ல சொல்ல. வானொலிச் செய்தி கொரலு கம்பீரமா இருக்கும்.

"மூக்கத் தூக்கும்." ஐயம்பெருமாள் ரெண்டு வெரலால மூக்கு நுனியப் புடிச்சுத் தூக்கினாரு. மேலுதட்டுக்கு மேல கத்தி. இப்பம் மூச்சு விடுறதே பாத்துதான் விடணும். மூச்சு. கெணத்துக்குள்ள போன அன்னைக்கும் இப்பிடித்தான், மூச்ச எங்கன வச்சிருந்தோம்னே மறந்து போச்சு. அத இப்பம் எதுக்கு நெனைக்க. வாழத்தோட்டத்துக் கெணறு, மத்தியானம் வெயிலு, மைக் செட்டு ஆட்டோவ ரோட்டோரமா நிப்பாட்டிட்டு ஒண்ணுக்குப் போக எறங்கினவன், பாத்தா கெணத்து வெளிம்புல ராசக்கனி மைனி. ஒண்ணுவிட்ட அண்ணம் பொண்டாட்டி. அண்ணன் பம்பாயில இட்லிக் கடையில வேல, மைனி இங்க கமிசன் கடைக்கு வாழத்தார் சுமக்கா, ஒரு நடைக்கு ரெண்டு தாரு, ஆம்பளைங்களே ஒண்ணுதான். அவ ஒரு கால உள்ள தொங்கவிட்டுக் குனிஞ்சு நிக்கா, முந்தானையால மொகத்தத் தொடைக்கா. அவ்வளவுதான், இவனுக்கு மண்டைக்குள்ள காத்தான் சாமி வந்துட்டாரு. இதுதான்ல நம்ம நாளு. இன்ஸ்பெக்டர் கொரல்ல "நில்லு"ன்னு ஒரு சத்தம் குடுத்துட்டு ஓடினான், ஓடின வேகத்துல பாசில காலு வழுக்கி, மைனிய ஒரசிக்கிட்டு, நேரா உள்ள. மைனியோட தலச் சும்மாடு தண்ணிக்குள்ள விழுந்து கெடந்துச்சாம், அதக் கம்பால இழுத்துக்கிட்டிருந்தாளாம். தொடைச்சது வேர்வைய. சவம், அது யாருக்குத் தெரியும். தண்ணி பச்சையா இருந்துச்சு. ஜில்லுன்னு. காதுக்குள்ள குபுகுபுன்னு, அந்தக் குபுகுபு நல்லா வரும் இவனுக்கு, ஆனா அன்னைக்கிலேருந்து போட்டுக் காட்டினதில்ல. மேல ஒருக்கா வந்தப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு, "மைனி"ன்னு. ஆட்டுக்குட்டி மாதிரி, மெலிசா. யாருடா இவன்னு இவனே நெனச்சான். ஊருல ஒருத்தன் கொரலும் அப்பிடி இல்லயே. தெரிஞ்ச கொரல் எல்லாத்தையும் தேடிப் பாத்தா அது இவன் கொரலு.

கத்தி தாடைக்கு வந்துருச்சு. ஐயம்பெருமாள் வெரலு மஞ்சளும் சோப்புமா மணக்குது, கொட நாளுன்னா அவரு வீட்டுலயும் மஞ்சத் தண்ணி தெளிப்பாவ போல. மைனி குதிச்சா, இவன் தலமுடியப் புடிச்சா, இழுத்தா, வாழத்தாரு தூக்குற மாதிரியே தோள்ல போட்டு படியில கொண்டாந்து எறக்கினா. வலிக்காம எறக்கினா, அதச் சொல்லணும். தாரு அடிபட்டா வெல போயிருமே, அந்தப் பழக்கம். மோட்டார் ரூம்ல இருந்து ஆளு ஓடி வந்தாவ, தோட்டத்துல இருந்து அஞ்சாறு பேரு. ரெண்டு பேரும் நனைஞ்சு நிக்கோம், வாய் நெறைய தண்ணி, இருமுறதுக்கே நேரமில்ல, அதுக்குள்ள எவனோ, "மைனி குதிச்சுட்டாவ, தங்கப்பழம் அண்ணன் தூக்கிட்டாரு"ங்கான். இல்லலேன்னு சொல்ல வாயத் தெறந்தா தண்ணிதான் வருது. பூரணம் அழுதுக்கிட்டே ஓடியாந்தா. எல்லாரும் இவனப் பாக்காவ. ஒருத்தன் மொகத்துலயும் சிரிப்பு இல்ல. நாப்பத்தி மூணு வயசுல அப்பந்தான் மொத தடவ. இவன் எழவு வீட்டுக்குப் போனாக்கூட நாலு பேரு வாயப் பொத்திக்கிட்டு திரும்பிக்கிடுவானுவ. அன்னைக்கு சிரிக்கல. மைனி இவன ஒரு பார்வ பாத்தா. பாத்துட்டு, "ஆமா, கொழுந்தனாருதான்"ன்னுட்டா. மறுநாள் போயி, "ஏன் மைனி அப்பிடிச் சொன்னீய"ன்னு கேட்டா, சும்மாட்டப் பிழிஞ்சு கொடியில போட்டுக்கிட்டே சொல்லுதா, "ஊரே ஒரு நேரம் உம்மளப் பாத்து சிரிக்காம நின்னுச்சு. உம்ம மூஞ்சியப் பாத்தேன். அதக் கெடுக்க மனசு வரல. போவும், போயி அனுபவியும்."

அனுபவிச்சான். ஒண்ணும் பொய் இல்ல. டீக்கடையில எடம் விடுதான், தலைவரு தோள்ல கை போடுதாரு, பூசாரி, "காத்தான் ஒம்மேல எறங்கிட்டான்ல"ங்காரு, பூரணம் ராத்திரிக்கு முட்ட வைக்கா. இட்லி கூட ஆறு. முந்தி நாலுதான். இந்தா, ஐயம்பெருமாள் கூட இன்னைக்குப் புதுக் கத்தி எடுத்தாரு, இவன் பாத்தான், பேப்பர உரிச்சதப் பாத்தான். சாயந்தரம் மூணு சுத்து சுத்தணும், கோயில, கழலோட, பேசாம. சுத்துறப்ப ஒருத்தனும் சிரிக்கக் கூடாது, அது வழக்கம். மூணு சுத்து. அந்தச் சத்தம் கால்ல. நெனச்சாலே உள்ளங்கால் கூசுது.

"ஆமா, ஐயம்பெருமாளு"ன்னு பின்னாலேருந்து தானியேல் அண்ணாச்சி, பேப்பர மடிக்காமயே. "அந்தப் பொம்பளைக்கு அப்பிடி என்ன கஷ்டமாம்? கெணத்துல விழுற அளவுக்கு." கண்டக்டரு பேச்சு எப்பவுமே டிக்கெட் கேக்குற மாதிரி, முடிவுல ஒரு தட்டு. இத சாயந்தரம் போடணும். "புருசன் பம்பாயில வேற எவளயும் வச்சிருக்கானோ என்னமோ"ங்காரு. ஐயம்பெருமாள் கத்திய நொரைலேருந்து எடுத்துத் தொடைச்சாரு. "நமக்கென்னண்ணாச்சி தெரியும். கமிசன் கடையில இப்பம் அவள தோட்டத்துக்கே விடுறதில்லயாம். கெணறு இருக்குல்லா, பழி வந்துரும்னு. சருகு கூட்ட வச்சிருக்கான். பாதிக் கூலி." தங்கப்பழம் கண்ணத் தெறந்தான். கண்ணாடில நொரைக்கு மேல ரெண்டு கண்ணு. திரும்ப மூடிக்கிட்டான். தெரியாத சங்கதியா என்ன. செவ்வாக்கெழம பூரணம் சோறு போட்டுக்கிட்டே சொன்னா, ராசக்கனி அக்காவுக்கு பம்பாயிலேருந்து மாமா போன் போட்டு அழுதாராம், நான் என்ன கொற வச்சேன், ஏன் இப்பிடிச் செஞ்சன்னு, அக்கா ஒண்ணும் சொல்லாம கேட்டுக்கிட்டே இருந்தாளாம்னு. அப்பம் இவன் என்ன செஞ்சான், குக்கரு விசில் போட்டான். மூணு விசிலு. பூரணம் சிரிச்சுட்டு அடுப்பப் பாக்கப் போயிட்டா. நல்ல விசிலு அது. ரெண்டு தாரு தூக்குற கையில வெளக்கமாறு. அவ சொல்லிருக்கலாம்ல, ஒத்த வார்த்த, இந்தக் கோட்டிக்காரந்தான் விழுந்தான்னு. சொல்லல. ரெண்டு கைதான மகராசா இருக்கு. ஒண்ணப் புடிக்கணும்னா ஒண்ண எறியணும். அவ எத எறிஞ்சான்னு இப்பம் தெரியுது. இவன் எத எறிஞ்சான்? வேட்டி மட்டும்தான் அவுந்து மெதந்துச்சு. அதையும் அவதான் கம்பால எடுத்தா. சே, இது ஆடு ஏவாரி கொரல்ல வரல, யாரு கொரல்லயும் வரல, சும்மா உள்ளுக்குள்ள போகுது. கொடைய முடிச்சுட்டு சொல்லிக்கிடலாம். முடிச்சுட்டு யாராச்சும் சொல்லுவானா. அப்பம் சொல்லாமலே விட்டுட்டா? மூணு சுத்து. மழைத்துளிச் சத்தம். அப்புறம் சாகுற வரைக்கும் முட்ட.

"கொழுந்தனாரே, மாப்பிள்ள மாதிரி இருக்கீரு." வாசல்ல ராசக்கனி மைனி. புதுச் சீல, தலைல பூவு, உள்ளங்கையில மஞ்ச நூலு சுருட்டி வச்சிருக்கா. தானியேல் அண்ணாச்சி பேப்பர மடிச்சுட்டாரு, "வாம்மா, சாட்சிக்கு நாங்க ரெண்டு பேரு இருக்கோம், இங்கனயே எடுத்துரு"ங்காரு. ஐயம்பெருமாள் எடது கன்னத்த முடிச்சு, கத்திய மடக்காம கையிலயே வச்சுக்கிட்டு ஒதுங்கினாரு. "ஒரு கன்னம் பாக்கி இருக்கு. வாயத் தெறக்காதீரும், நொரை உள்ள போவும்." மைனி நாக்காலிக்கு முன்னால வந்து, சீலைய ஒதுக்கிக்கிட்டு, மண்டி போடப் போறா. எல்லாம் ரொம்ப மெதுவா நடக்குற மாதிரி இருந்துச்சு. இவன் கணுக்காலத் தானே பாத்தான். கொக்குக் காலு. செருப்பு வாரு தடம். இதுக்கு எவ்வளவு துணி சுத்தணுமோ, பாதிச் சீல வேணும். மைனி மொகத்தப் பாத்தான், அவ சிரிக்கா, நெசமாவே சிரிக்கா, அதுல ஒரு கொறையும் இல்ல, அதுதான் தாங்கல. கால உள்ள இழுத்துக்கிட்டான்.

"என்ன, கூச்சமா?"ன்னா மைனி. "குடும் கால." இவன் நாக்காலிய விட்டு எறங்கினான். கழுத்துல வெள்ளத் துணி, பாதி மொகம் நொரை, பாதி மொகம் பளபளன்னு. மைனிய தோளப் புடிச்சு நிமுத்தி நிறுத்தினான். இவன் குந்தினான். அவ கையிலேருந்து நூல உருவினான். "ஏய், என்ன செய்தீரு"ன்னு அவ ஒரு அடி பின்னால போனா, பெஞ்சு இடிச்சுருச்சு, போக எடமில்ல. அவ கால் பெருவெரல் நகத்துல வாழக்கறை, கருப்பா, எந்தச் சோப்புக்கும் போவாது அது. பித்தவெடிப்பு. கணுக்காலுன்னா அது கணுக்காலு, உரலு மாதிரி. நூல சுத்தினான். ரெண்டு முனையும் சேந்த எடத்த நகத்தால அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கைய ஐயம்பெருமாளப் பாத்து நீட்டினான். ஐயம்பெருமாள் அந்தக் கையப் பாத்தாரு, மைனியப் பாத்தாரு, இவன் மொகத்துல இருக்குற நொரையப் பாத்தாரு. க்ஹும்னாரு. கத்திய இவன் கையில குடுக்கல. அவரே குனிஞ்சு, நகத்து ஓரமா வச்சு, டக்குன்னு ஒரு அறுப்பு.

"எலே, எலே, நூலு அறுந்தா அறுந்ததுதானல"ன்னு தானியேல் அண்ணாச்சி எந்திரிச்சுட்டாரு. "இதென்னவே கூத்து. காப்பாத்தினது யாரு, காப்பாத்தப்பட்டது யாரு?" தங்கப்பழம் நொரையத் துப்பினான். எந்தக் கொரல எடுக்கன்னு ஒரு நிமிசம் உள்ள தேடினான். செய்திக் கொரலு, தலைவரு, பூசாரி, ஒண்ணும் அம்புடல. "நாந்தான் விழுந்தேன் அண்ணாச்சி"ன்னான். "மைனி சும்மாடு எடுத்துக்கிட்டிருந்தாவ. குதிக்கல. அவியளுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. அவியதான் என்னத் தூக்கினாவ." மெலிசா வந்துச்சு, ஆட்டுக்குட்டி மாதிரி. தானியேல் அண்ணாச்சி இது யாரப் போடுதான்னு யோசிக்கிற மாதிரி தலையச் சாய்ச்சாரு. அப்புறம் புரிஞ்சுட்டு. "நீரு விழுந்தீரா"ன்னாரு. "நீரு. விழுந்தீரு." பேப்பரு கீழ விழுந்துட்டு. வயித்தப் புடிச்சுக்கிட்டு பெஞ்சுல உக்காந்துட்டாரு, கண்ணுல தண்ணி. ஐயம்பெருமாள் கூட பல்லு தெரிய, அந்தாள் பல்ல ஊருல எவனும் பாத்ததில்ல. இன்னும் ஒரு மணி நேரத்துல டீக்கடைக்குப் போயிரும், மத்தியானத்துக்குள்ள பூரணத்துக்கு, நாளையிலேருந்து நாலு இட்லி. நாலும் போதும்தான், ஆறு கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருந்துச்சு. பழகின சிரிப்பு. பழைய பாயில திரும்ப வந்து படுத்தாப்புல முதுகுக்குப் பொருந்துது.

மைனி மட்டும் சிரிக்கல. நூல வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. "ராசா காலுக்கு ரெண்டு வெரலுதான் கொறையுது போலருக்கே. துணியே வேண்டாம்"னா. அப்புறம் அத முந்தானையில முடிஞ்சுக்கிட்டா, ரெண்டு முடிச்சு, இறுக்கி. "பொம்பளைக்குக் கட்ட மாட்டேம்னு பூசாரி சொன்னாருன்னா?"ன்னு கேட்டா. ஐயம்பெருமாள் பதில் சொன்னாரு, "நூலு யாரு காலுக்கோ கழலு அவியளுக்கு. வழக்கத்துல ஆம்பள பொம்பளன்னு யாரு சொன்னா? ரெண்டு சாட்சி இருக்கோம், கேக்கட்டும் எங்களப் பாத்து." சொல்லிக்கிட்டே தங்கப்பழத்தத் தூக்கி நாக்காலியில உக்கார வச்சு, வலது கன்னத்துக்குப் புதுசா நொரை போட்டாரு. கத்தி வந்து ஒக்காந்துருச்சு. திரும்பவும் மேகம். மைனி படியில எறங்கினவ, நின்னா.

"சாயந்தரம் மைக்குல நீருதான சொல்லணும், என் பேர?"

தலைய ஆட்ட முடியாது. கண்ண மட்டும் சிமிட்டினான்.

"யாரு கொரல்ல சொல்லுவீரு?"

கத்தி தாடைக்குக் கீழ. தங்கப்பழம் வெள்ளத் துணிக்குள்ளேருந்து ஒரு வெரல வெளிய எடுத்து, தன் நெஞ்சத் தொட்டுக் காட்டினான்.

"அசையாதீரும் வேய்"ன்னாரு ஐயம்பெருமாள்.